போடியில் மிஷினைக் கையில் கொடுக்க மாட்டார்கள்

நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற தம்பி சென்ற மாதம் போன் செய்தார்.

"அண்ணே, போடிக் கடைக்காரங்க மட்டும் ஏன் இப்படி இருக்காங்க? கார்டு மிஷினைக் கஸ்டமர் கையில குடுக்கவே மாட்டேங்கிறாங்க. பின் நம்பர் போடும்போதுகூட அடியில ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஸ்கிரீனையே முறைச்சுப் பாக்குறாங்க. மூணாறு போற டூரிஸ்ட்டு ஆளுங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. யாருண்ணே இதைச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

"எதுக்குண்ணே?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. வாங்க, பேசுவோம் என்றேன். அவருக்கு ஓட்டம் அதிகம், வர முடியவில்லை. வாயால் சொல்லிச் சொல்லித்தான் அன்றைக்குக் காரியம் கெட்டது. இதையாவது எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படிப்பு எனக்குப் பத்தாவதோடு சரி. டெலிபோன், ரேடியோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். பேங்குக்காகக் கடைகளில் கார்டு மிஷின் மாட்டிக்கொடுக்கும் ஒரு கம்பெனி இந்தப் பக்கம் ஆள் தேடியபோது போய் நின்றேன். மதுரையில் ஒரு லாட்ஜ் ஹாலில் பயிற்சி. பேசியதில் பாதி இங்கிலீஷ். புரியாத மீதியை மிஷினே சொல்லிக்கொடுத்தது. தோளில் ஒரு பை, பை நிறைய பேப்பர் ரோல், ஒரு பழைய பைக். போடி, தேவாரம், ராசிங்காபுரம், மேலே குரங்கணி வரை என் எல்லை.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது மிஷின் இல்லை, ஜனங்களின் பேச்சு. தேவாரத்தில் உரக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, நான் முதல் மிஷினை மேஜையில் வைத்ததும் எட்ட நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "யானை வந்தா வாழை போகும்னு தெரியும். இது வந்தா என்னப்பா போகும்?" ராசிங்காபுரம் மருந்துக்கடைக்காரர், சிப் வைத்த கார்டுகள் வர ஆரம்பித்தபோது, "மாப்ளே, தங்கப்பல்லு கட்டின கார்டு ஒண்ணு வந்திருக்கு, மிஷினு கடிக்க மாட்டேங்குது, வெரசா வா" என்று போன் போடுவார். குரங்கணி ஜீப்பு நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தவர் மலையில் சிக்னல் கிடைக்காததைப் பற்றி, "சிக்னலும் ஜீப்பும் ஒண்ணுதாண்ணே. ஆளு சேந்தாத்தான் கிளம்பும்" என்பார். ஒரு கடையில் கேட்டதை அடுத்த கடையில் அவிழ்த்துவிடுவேன். சிரிப்பார்கள். நான் வருகிறேன் என்றால் பக்கத்துக் கடைக்காரரும் வந்து நிற்பார். அந்தச் சிரிப்புக்கு நான் கொஞ்சம் அடிமை ஆகியிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

முதலில் வந்த கார்டுகளில் பின்பக்கம் கறுப்புக் கோடு இருக்கும். மிஷினில் தேய்த்தால் போதும். அந்தக் கோட்டை நகலெடுப்பது திருடனுக்குச் சுலபம். அதனால் சிப் வந்தது. சிப்போடு ஒரு விதியும் வந்தது. அதைக் கடைக்காரர்களுக்குப் புரிய வைப்பதுதான் என் வேலையில் பாதி. சிப்பை மிஷின் படித்து, வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் போட்டு முடிந்த வியாபாரம் என்றால், பிற்பாடு அது மோசடி என்று தெரிய வந்தாலும் கடைக்காரருக்குக் கவலை இல்லை. கார்டு கொடுத்த பேங்க் பார்த்துக்கொள்ளும். சிப் இருந்தும் அதைப் படிக்க வைக்காமல் கோட்டைத் தேய்த்தாலோ, கார்டு எண்ணைக் கையால் தட்டி ஏற்றினாலோ, நஷ்டம் முழுக்கக் கடையுடையது. இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொல்வேன்: "சிப்பு பேசுனா பேங்க் பாடு, விரலு பேசுனா உங்க பாடு." எல்லாருக்கும் பதிந்துவிட்டது.

பதியாதது ரகசிய எண்தான். "நம்பரைச் சொல்லுங்கம்மா, நானே தட்டிர்றேன்" என்று கடைக்காரர்கள் உரக்கக் கேட்பார்கள். வாடிக்கையாளரும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இதற்குத்தான் துண்டுக் கதையைக் கண்டுபிடித்தேன்.

போடிக்காரர்களுக்கு அது விளக்கம் வேண்டாத விஷயம். பழைய ஏலக்காய் வியாபாரத்தில் வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். துண்டு விரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அங்கே பார்க்கக் கூடாது. பார்ப்பது மட்டு மரியாதை இல்லாத காரியம். இதை நான் கடைகளில் நடித்தே காட்டுவேன். என் துண்டை மிஷின்மேல் விரித்து, உள்ளே கைவிட்டு, முகத்தை ஒரு பெரிய வியாபாரி மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு, "இந்தா, அவரு துண்டுக்குள்ள கையை விட்டுட்டாரு. இப்ப உங்களுக்கு இங்க என்ன சோலி? அங்கிட்டுப் பாருங்க" என்பேன். அந்த இடத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு எழும்.

மலைக்கு ஏறுகிற ரோட்டில் பீர் முகமது பாய் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். மூணாறு போய்த் திரும்புகிற கார்கள் நின்று வாங்கிப் போகும் கடை. என்னைவிட மூத்தவர்; என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். அவர் கடையில் நான் துண்டுக் கதையை நடித்த அன்று செல்லத்தாயி அம்மாவும் இருந்தார். குரங்கணிக்கு மேலே கொஞ்சம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏலக்காய் பயிர் செய்திருந்தவர். மற்ற நாட்களில் கேரளப் பக்கம் எஸ்டேட்டில் கூலி வேலை. தன் காயைப் பாய் கடையில் இறக்கிவிட்டு, விற்ற பிறகு பணம் வாங்கிப் போவார். வருஷத்தில் அவர் கை நிறையப் பார்க்கிற பணம் அது ஒன்றுதான்.

கதை முடிந்ததும் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இது நம்ம பழக்கந்தானே மாப்ளே. துண்டுக்குள்ள கை போயிருச்சுன்னா நாம எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும். அதானே?"

"அதேதான் பாய்" என்றேன்.

கம்பெனி சொல்லிக்கொடுத்தது அது இல்லை. முகத்தை மட்டும் லேசாகத் திருப்பு, மிஷினைக் கண்ணிலிருந்து விடாதே, ஒரு கையாவது அதன்மேல் இருக்கட்டும் என்பதுதான் பாடம். அதை அங்கே சொன்னால் கதை சப்பென்று போயிருக்கும். நல்ல சிரிப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்து மிஷின்களில் ஒரு பின்வாசல் இருந்தது. லைன் இல்லாத நேரத்துக்கென்று வைத்த வசதி. கார்டு எண்ணைக் கையால் தட்டி, பேங்கில் போனில் கேட்டு வாங்கிய அனுமதி எண்ணையும் தட்டினால் ரசீதுச் சீட்டு வந்துவிடும். அந்த அனுமதி எண் நிஜமா பொய்யா என்று மிஷின் அந்த நேரத்தில் யாரையும் கேட்காது. நம்பிவிடும். இப்போது அதை அடைத்துவிட்டார்கள்.

பாய் கடைக்கு ஒரு காரில் இரண்டு பேர் வந்தார்கள். சென்னையில் இனிப்புக்கடை, பண்டிகைக்கு நல்ல பெரிய காயாக வேண்டும் என்றார்களாம். முதல் தடவை கொஞ்சம் வாங்கினார்கள். கார்டு நல்ல கார்டு; பணமும் வந்து சேர்ந்தது. அந்த வாரத்திலேயே திரும்ப வந்து, செல்லத்தாயி அம்மா இறக்கியிருந்த காய் மொத்தத்தையும், பாய் சொந்தமாக வாங்கி வைத்திருந்ததில் பாதியையும் அள்ளிப் போனார்கள். ஒரே சீட்டாகப் போட்டால் பேங்க் விடாது என்று சொல்லி, மூட்டைக்கு ஒன்றாகப் பல சீட்டுகள். பத்து நாளைக்கெல்லாம் பேங்கிலிருந்து தகவல் வந்தது. அத்தனையும் யாரோ ஒருவருடைய கார்டு எண்ணாம். அந்த மனிதர், "நான் போடிக்கே போனதில்லை" என்கிறாராம். கொடுத்த பணத்தைப் பேங்க் திரும்ப எடுத்துக்கொண்டது.

நான் போனபோது பாய் பதற்றமாக இல்லை. விதி அவர் பக்கம் என்று நம்பியிருந்தார். "சிப்பு பேசுனா பேங்க் பாடுன்னு நீங்கதானே மாப்ளே சொன்னீங்க? கார்டை நான்தான் என் கையால சொருகினேன். அவுங்க நம்பர் போட்டாங்க. சீட்டு வந்துச்சு."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். சிப் படித்ததற்கான குறி அதில் இல்லை. எண் கையால் தட்டியது என்று பொடி இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

"பாய், அவுங்க நம்பர் போடும்போது நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். "அங்கிட்டு. நீங்க சொன்ன பக்கம்."

விசாரணைக்கு மதுரையிலிருந்து தாமோதரன் சார் வந்தார். எங்கள் வட்டாரத்துக்கு அவர்தான் மேலதிகாரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கடைக்காரர் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், எனக்கு அவசரம் இல்லை என்று எதிராளிக்குத் தெரிவதற்காக. என்ன நடந்தது என்று கேட்கவே மாட்டார். "எங்கே, செய்து காட்டுங்க" என்பார். வாய் மாற்றிச் சொல்லும், கை மாற்றிச் செய்யாது என்பது அவர் எண்ணம்.

செல்லத்தாயி அம்மாவும் வந்து மூட்டை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

தாமோதரன் சார் தன் சொந்தக் கார்டை நீட்டி, "நான் கஸ்டமர். நூறு கிராம் கொடுங்க பாய்" என்றார்.

பாய் நிஜமாகவே நூறு கிராம் நிறுத்துக் கட்டினார். கார்டை வாங்கிச் சொருகினார், தொகையைத் தட்டினார், மிஷினை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். பிறகு எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலண்டரைப் பார்த்து நின்றார். அவ்வளவு மரியாதையாக ஒருவர் தன்னை ஏமாற்ற இடம் கொடுத்து நிற்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தாமோதரன் சார் கார்டை உருவினார். பாய் தட்டியதை அழித்தார், அந்தப் பின்வாசலைத் திறந்தார், நிதானமாகக் கார்டு எண்ணையும் வாய்க்கு வந்த ஒரு அனுமதி எண்ணையும் தட்டினார். என்னையும் செல்லத்தாயி அம்மாவையும் பார்க்கவே இல்லை. கார்டைப் பழையபடி சொருகிவைத்தார். சீட்டு வருகிற சத்தம் கேட்டுத்தான் பாய் திரும்பினார்.

"என் ரகசிய எண்ணை நான் போடவே இல்ல பாய்" என்றார் சார். "ஆனா சீட்டு வந்திருச்சு, பாருங்க."

பாய் சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். சார் அந்த வியாபாரத்தை மிஷினில் ரத்து செய்துவிட்டுக் கேட்டார்: "திரும்பி நிக்கணும்னு யார் சொன்னாங்க?"

பாய் என் பக்கம் பார்க்காமல் சொன்னார். "யாரு சொல்லணும் சார்? மரியாதைக்குத் திரும்புறதுதான். எங்க வாப்பா காலத்துல இருந்து பழக்கம்."

"நான்தான் சார் சொன்னேன்" என்றேன்.

"முகத்தையா, உடம்பையா?"

"கதையா சொன்னேன் சார். துண்டுக் கதை."

"அந்தக் கதையை இங்க சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன மாதிரியே."

சொல்லிப் பார்த்தேன். "அப்படி இல்ல, செஞ்சு காட்டுங்க" என்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து மிஷின்மேல் விரித்தேன். உள்ளே கையை விட்டேன். வியாபாரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முகம் நிற்கவில்லை. "இந்தா, அவரு துண்டுக்குள்ள கையை விட்டுட்டாரு. இப்ப உங்களுக்கு இங்க என்ன சோலி" என்றேன். சிரிப்பு வரும் இடம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் அந்தச் சிரிப்புக்காக நான் ஒரு கணம் நிறுத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

செல்லத்தாயி அம்மா மூட்டை ஓரத்திலிருந்து சொன்னார்: "அன்னைக்கு நானும் இருந்தேன் அப்பு. வயிறு நோகச் சிரிச்சேன். இப்ப அந்தத் துண்டை எடுத்து என் தலையில போட்டுட்டியே."

தாமோதரன் சார் என்னைத் திட்டியிருக்கலாம். "கதை நல்லா இருக்கு" என்றார். "ஒரு தடவை கேட்டா யாரும் மறக்க மாட்டாங்க. அதுதான் கஷ்டம். எத்தனை கடையில சொல்லியிருக்கீங்க?"

"எல்லாக் கடையிலயும் சார்."

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். பாய் பக்கம் திரும்பி, கூட்டிக் குறைக்காமல் சொன்னார். "இவர் சொல்லிக் கொடுத்தது தப்புன்னு நான் எழுதுவேன் பாய். ஆனா அதை எழுதினா உங்களுக்குப் பணம் வரும்னு நம்பாதீங்க. சிப் படிக்கல. எண்ணைக் கையால தட்டியிருக்கு. மிஷின் உங்க பொறுப்புல இருந்துச்சு. யார் சொல்லித் திரும்பி நின்னீங்கன்னு அந்த விதி கேக்காது."

"சரி சார். காயை எடுத்துக்கங்க, நல்ல காய்" என்றார் பாய். சார் நூறு கிராமுக்குப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னபடியே முடிந்தது. நஷ்டம் கடைக்கு. எனக்கு என்ன ஆனது என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் குறையவில்லை, வேலை போகவில்லை. கடைக்காரர்கள் எல்லாருக்கும் திரும்பச் சரியாகச் சொல்லிக்கொடு என்று ஒரு உத்தரவு வந்தது, அவ்வளவுதான். ஏதாவது ஆகியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

பாய் தன் சின்ன லோடு வண்டியை விற்றார். வந்த பணத்தில் முதலில் செல்லத்தாயி அம்மாவுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தார். "அவுங்க காயைத்தான் தூக்கிட்டுப் போனானுக. அவுங்க கணக்கை இல்ல" என்றாராம். அதன்பிறகு குரங்கணிக்குப் பஸ்சில் போய், காயைத் தலைச்சுமையாக இறக்கினார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவரை அப்படிப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று கால் பின்வாங்கியது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "என்ன மாப்ளே, ஒரு கை பிடிங்க" என்றார். பிடித்தேன்.

கொஞ்சம் பணம் சேர்த்து, ஒரு கவரில் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். கவரை அவர் பிரிக்கவே இல்லை.

"இதை வாங்கினா, அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புக்கு நான் உங்களுக்குக் காசு தரணும்ல? அது இதைவிடக் கூட வந்திரும். வைங்க உள்ள."

அவர் கோபித்திருந்தால் எனக்கு ஒரு வாசல் திறந்திருக்கும்.

மிச்சம் இருந்தது அந்த உத்தரவு. கடைக்காரர்கள் மொத்தப் பேரையும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். எழுந்து நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன் பின்வரிசையிலிருந்து ஒரு பாத்திரக்கடைக்காரர், "துண்டு கொண்டாந்திருக்கீங்களாண்ணே?" என்றார். இப்போது சிரித்தார்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தார்கள். இன்னொருவர், "நீங்க சொல்லிக் குடுத்த வரைக்கும் போதும்ணே. பாய் வண்டியை வித்தாரு, நாங்க எதை விக்க?" என்றார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோளில் துண்டு இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, விட்டு வைக்கவும் முடியவில்லை.

முன்வரிசையிலிருந்து பாய் எழுந்தார். மேடைக்கு வந்து மேஜைமேல் இருந்த மிஷினை எடுத்தார்.

"சத்தம் போடாதீங்கப்பா. இவருகிட்டக் கேட்டு நானே செஞ்சு காட்டுறேன். நட்டப்பட்டவன் செஞ்சாத் தப்பு வராதுல்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "நீங்கதான் கஸ்டமர். கார்டைக் கொண்டாங்க" என்றார்.

என் கார்டைக் கொடுத்தேன். சொருகினார். ஒரு ரூபாய் என்று தட்டினார். மிஷினை என் பக்கம் திருப்பினார், கையை எடுக்கவில்லை. அடியில் அவர் பிடி கெட்டியாக இருந்தது.

"இப்ப எங்கிட்டுப் பாக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஸ்கிரீனை, பாய்" என்றேன். "பட்டனைப் பாக்காம, ஸ்கிரீனை மட்டும்."

"கேட்டுக்கிட்டீங்களா? ஸ்கிரீனை" என்றார் கூட்டத்திடம். பிறகு குனிந்து, நான் சொன்னபடியே பார்க்க ஆரம்பித்தார். "கோவிச்சுக்கிறாதீங்க மாப்ளே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

நான் என் நம்பரைத் தட்டினேன். மிஷின் ஏற்கவில்லை. தவறு என்று காட்டியது. மறுபடி தட்டினேன். மறுபடியும் தவறு. எத்தனையோ பேருக்குப் பாடமாகச் செய்து காட்டிய விரல், தினமும் போடுகிற நம்பர், வரவில்லை.

பாய் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல், மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"நிதானமாப் போடுங்க. நான் எங்கயும் போகலை."